வேர்ட்பிரஸ் தளத்தில் ஏதோ சரியில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

ஆடித் தள்ளுபடி தொடங்கும் வாரத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் சென்னையில் கடைத் தளங்களைப் பராமரிக்கிறவர்களுக்குப் போன் ஓயாது. தி. நகர் துணிக்கடை, பாரிமுனை மொத்த வியாபாரி, மார்கழிக்கு டிக்கெட் விற்கும் சபா, தாம்பரம் பக்கத்து ட்யூஷன் சென்டர் என்று யார் அழைத்தாலும் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “சைட்ல ஏதோ ஆயிடுச்சு.” அந்த ‘ஏதோ’ என்ன என்று துல்லியமாகக் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். தளம் காட்டும் அறிகுறி, ஹேக்கர்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்பதற்கான துப்பு. அதைப் பார்க்காமல் அவசரமாக எல்லாவற்றையும் அழித்துவிட்டால் தளம் சுத்தமாகத் தெரியும், வழி மட்டும் திறந்தே கிடக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் தளம் கட்டி நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸை வைத்துத்தான். உலகத் தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில் ஓடுகின்றன, நம்மூர்க் கடைத் தளங்களிலும் அதுவே அதிகம் கண்ணில் படுகிறது. அதே வகை மென்பொருள்களான ஜூம்லா, துருபல் வைத்திருப்பவர்களுக்கு ஃபோல்டர் பெயர்கள் மாறும், பார்க்கும் முறை மாறாது.

எதையும் தொடும் முன்

முதலில், தளம் இருக்கிற நிலையிலேயே ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் முழுதாக நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். கெட்டுப்போன நகல்தான், பரவாயில்லை. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். அதன் பெயரிலேயே ‘பாதிக்கப்பட்டது’ என்று எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது அதை நல்ல பேக்கப் என்று நினைத்து மீட்டுப் போட்டுவிடக் கூடாது.

அடுத்தது, ஆக்செஸ் லாக், அதாவது தளத்துக்கு யார் எப்போது வந்து எதைத் திறந்தார்கள் என்ற பதிவேடு. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் ‘ரா ஆக்செஸ்’ என்ற பகுதியில் கிடைக்கும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்குகளில் இந்த லாக் சீக்கிரமே அழிந்துவிடும். அதனால் இன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் பழைய லாக்கைச் சேமித்து வைக்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்டுகளை மாற்றப் போகும் கம்ப்யூட்டர். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) கடை பில்லிங் மேசைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தால், அங்கேயே புதிய பாஸ்வேர்ட் வைப்பது அதையும் கையில் கொடுப்பதுதான். வேறு சுத்தமான கம்ப்யூட்டரில் செய்யுங்கள்.

கம்பெனியாகப் பதிவு செய்து நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தளத்துக்குள் ஊடுருவல், தீங்கான கோடு (நிரல் வரிகள்) செருகல் போன்றவை தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. பலருக்கு இது தெரியாது. தெரிந்த சிலரும் பெரிய கம்பெனிக்குத்தான் என்று விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: கூகுளிலிருந்து வருகிறவர்கள் மட்டும் வேறு தளத்துக்குப் போகிறார்கள்

கடைக்காரர் அட்ரஸை டைப் செய்து திறந்தால் தளம் நன்றாக இருக்கும். வாடிக்கையாளர் மொபைலில் கூகுள் வழியாக வந்தால் லாட்டரி, சூதாட்டம், ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று எங்கேயோ இழுத்துப் போகும். “எனக்கு நல்லாத்தானே ஓப்பன் ஆகுது தம்பி, அவங்க போன்லதான் கோளாறு” என்று கடை முதலாளி சொல்வார். அவர் சொல்வதும் உண்மைதான். செருகப்பட்ட கோடு, வருகிறவர் எங்கிருந்து வருகிறார், மொபைலா கம்ப்யூட்டரா, ஏற்கெனவே லாகின் செய்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும். அட்மினாக உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. ஒரே ஆளுக்கு இரண்டாம் முறையும் பல நேரம் தெரியாது.

அதனால் சோதிக்கும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து, கூகுளில் கடைப் பெயரைத் தேடி, வரும் முடிவைத் தொடுங்கள். அப்போது தெரியும்.

தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. தளத்தின் ரூட் ஃபோல்டரில், அதாவது எல்லாவற்றுக்கும் மேலான ஃபோல்டரில், இருக்கும் ‘.எச்டிஆக்செஸ்’ என்ற சர்வர் விதி ஃபைல் முதலில். உள் ஃபோல்டர்களிலும் அதே பெயரில் புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்டெக்ஸ் ஃபைல், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஹெடர், ஃபங்ஷன்ஸ் ஃபைல்கள். டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் டேபிளில் ‘சைட்யூஆர்எல்’, ‘ஹோம்’ என்ற இரண்டு வரிகளும் உங்கள் டொமைனைத்தான் காட்டுகின்றனவா என்று சரிபாருங்கள். ஹெடரில் ஸ்கிரிப்ட் சேர்ப்பதற்காக ஏதாவது பிளகின் (கூடுதல் வசதிக்கான சேர்ப்பு) போட்டிருந்தால் அதன் அமைப்புப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அனலிடிக்ஸ் கோடுக்குக் கீழே இன்னொரு ஸ்கிரிப்ட் அமைதியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஹெடர் ஃபைலைத் திறந்தவுடன் ‘ஒன்றும் இல்லை’ என்று மூடிவிடாதீர்கள். முதல் வரி, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல் மொழியான பிஎச்பியின் வழக்கமான தொடக்கமாகத்தான் தெரியும். ஆனால் ஜன்னலின் அடியில் இருக்கும் கிடைமட்ட ஸ்க்ரோல் பட்டை வழக்கத்தைவிடச் சின்னதாகச் சுருங்கியிருக்கும். வலது பக்கம் இழுத்துக்கொண்டே போனால், நூற்றுக்கணக்கான வெற்றிடங்களுக்கு அப்பால் ‘ஈவல்’, ‘பேஸ்64 டிகோட்’ என்று தொடங்கும், மறைத்து எழுதிய கோடை ஓடவைக்கும் ஒரே நீள வரி உட்கார்ந்திருக்கும். எடிட்டரில் வரி மடிப்பை ஆன் செய்துவிட்டுப் பார்த்தால் இழுக்கவே தேவையில்லை, பளிச்சென்று தெரியும்.

சரி, கண்டுபிடித்த வரியை மட்டும் அழித்தால் போதுமா? போதாது. ஒன்று கண்ணில் பட்டால் படாதது நாலு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேர்ட்பிரஸ் பதிப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிதாக இறக்கி, ‘டபிள்யூபி-அட்மின்’, ‘டபிள்யூபி-இன்க்ளூட்ஸ்’ ஃபோல்டர்களை முழுதாக நீக்கிவிட்டுப் புதியதை வையுங்கள். ரூட்டில் தனியாக இருக்கும் வேர்ட்பிரஸ் ஃபைல்களையும் அப்படியே மாற்றுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் போன்ற அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு அதை வரி வரியாகப் படியுங்கள். கட்டளை வரி தெரிந்தவர்களுக்கு டபிள்யூபி-சிஎல்ஐ கருவியில் செக்சம் (ஃபைல் மாறியதா என்று காட்டும் கணக்கு எண்) சரிபார்க்கும் கட்டளை இருக்கிறது. அசல் ஃபைலோடு ஒத்துப்போகாததையும், இருக்கக் கூடாததையும் அது பட்டியலிட்டுவிடும். பிளகின்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். காசு கொடுத்து வாங்கிய தீம் என்றால் வாங்கிய கணக்கில் லாகின் செய்து புதிதாக இறக்குங்கள்.

இதே வகையில் இப்போது ஒரு மோசமான வடிவம் வருகிறது. தளத்தைத் திறந்ததும் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்ற பெட்டி வரும். அது விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனை அழுத்தி, எதையோ பேஸ்ட் செய்து, என்டர் தட்டச் சொல்லும். செய்தால் பார்வையாளரின் கம்ப்யூட்டருக்குள் மால்வேர் இறங்கிவிடும். உண்மையான கேப்ச்சா எதுவும் இப்படிக் கேட்காது. உங்கள் தளத்தில் இது தெரிந்தால் பராமரிப்புப் பக்கம் ஒன்றைப் போட்டு உடனே தளத்தை மூடுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம். விற்பனை போகுமே என்று யோசிக்காதீர்கள், நம்மை நம்பி வருகிறவர்களின் வங்கிக் கணக்கு அங்கே ஆபத்தில் இருக்கிறது.

அறிகுறி: கூகுள் தேடலில் கடைப் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்து

மயிலாப்பூர் பூஜைப் பொருள் கடையின் பெயரைத் தேடினால், அதன் டொமைனுக்குக் கீழே ஜப்பானிய மொழியில் கைப்பை விலை. பார்த்தவர்களுக்குப் பகீரென்று இருக்கும். சில தளங்களில் இதே இடத்தில் மருந்து விளம்பரம் வரும். தளத்தின் நல்ல பெயரை வைத்துப் போலிப் பொருள் பக்கங்களைத் தேடலில் ஏற்றுவதுதான் நோக்கம்.

கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைச் சேர்த்துத் தேடுங்கள். முப்பது பக்கத் தளத்துக்கு ஆயிரக்கணக்கில் முடிவு வந்தால் விஷயம் புரிந்துவிடும். அந்த இணைப்பை நீங்கள் திறந்தால் பக்கம் இல்லை என்றே வரலாம். கூகுளின் தேடல் ரோபோவுக்கு மட்டும் அந்தப் பக்கத்தைக் காட்டும்படி வைத்திருப்பார்கள். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் உள்ள யூஆர்எல் சோதனைக் கருவியில் போட்டுப் பாருங்கள், கூகுள் பார்ப்பது அப்படியே தெரியும்.

சர்ச் கன்சோலில் இருக்கும்போதே பயனர் பட்டியலையும் பாருங்கள். உள்ளே நுழைந்தவர்கள் சில நேரம் தங்களையும் தளத்தின் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வார்கள். சரிபார்ப்புக்காக ரூட் ஃபோல்டரில் போட்ட எச்டிஎம்எல் ஃபைலை அழித்துவிட்டு, அந்தப் பயனரை நீக்க வேண்டும். ஃபைலை விட்டுவைத்துப் பெயரை மட்டும் நீக்கினால் அவர் மறுபடி உள்ளே வந்துவிட முடியும். அறிமுகமில்லாத சைட்மேப் (கூகுளுக்குத் தரும் பக்கப் பட்டியல்) பதிவாகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்தபின் அந்தப் போலி முகவரிகள், பக்கம் இல்லை என்பதற்கான குறியீடுகளான 404 அல்லது 410 என்று பதில் தர வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பழக்கம் இங்கே வேண்டாம். பக்கம் போய்விட்டது என்று கூகுளுக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் பட்டியலிலிருந்து உதிரும். அது மெதுவாகத்தான் நடக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அறிகுறி: சுத்தம் செய்து சில நாட்களில் அப்படியே திரும்பி வருகிறது

சொல்லப் போனால் இந்த வழிமுறையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். எலி வந்த பொந்தை அடைக்காமல் எலியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் வேலை ஓயாது. திரும்பி வருவதற்கு எனக்குத் தெரிந்து ஐந்தாறு காரணங்கள்தான் மறுபடி மறுபடி வருகின்றன.

அப்லோட்ஸ் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் பிஎச்பி ஃபைல் முதல் சந்தேகம். படங்களுக்கான இடம் அது. அங்கே பிஎச்பி ஃபைல் இருப்பதற்குப் பெரும்பாலும் எந்த நியாயமும் இல்லை. சில பிளகின்கள் காலி இன்டெக்ஸ் ஃபைல் ஒன்றைப் போட்டு வைக்கும், அவ்வளவுதான். ஃபைல் மேனேஜரில் பிஎச்பி என்று தேடி, வருவதையெல்லாம் திறந்து பாருங்கள். பிறகு அந்த ஃபோல்டரில் பிஎச்பி ஓடவே கூடாது என்று சர்வர் விதி எழுதிவிடுங்கள். செலவில்லாத வேலை, பலன் பெரிது. தளம் கட்டும் முதல் நாளே எல்லோரும் செய்திருக்க வேண்டியது.

‘எம்யூ-பிளகின்ஸ்’ ஃபோல்டர் அடுத்தது. இதில் போட்ட ஃபைல் தானாகவே ஓடும், அட்மின் பக்கத்திலிருந்து நிறுத்தவும் முடியாது. பிளகின் பக்கத்தில் தனித் தாவலில்தான் காட்டும் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. சில ஹோஸ்டிங் நிறுவனங்களே தங்கள் ஃபைலை அங்கே வைத்திருக்கும். அதனால் அழிக்கும் முன் என்னவென்று பாருங்கள்.

கிரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் சர்வர் தானாக ஓட்டும் கட்டளைகள். சிபேனலில் கிரான் பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாத வரி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழித்த ஃபைலைக் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி இறக்கிவைக்கும் கட்டளை அங்கே இருந்தால், நீங்கள் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது திரும்பத்தான் செய்யும். வேர்ட்பிரஸுக்குள்ளேயே தனியாக ஒரு கிரான் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

பக்கத்துத் தளங்கள். இதுதான் நம்மூரில் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. ஒரே ஹோஸ்டிங் கணக்கில் கடைத் தளம், மச்சானின் கேட்டரிங் தளம், முந்தைய டெவலப்பர் ‘டெஸ்ட்’, ‘நியூ’, ‘ஓல்ட்2’ என்று விட்டுப்போன ஃபோல்டர்கள் எல்லாம் கிடக்கும். கடைத் தளத்தை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும், அந்த ‘ஓல்ட்2’ ஃபோல்டரில் பல வருடமாக அப்டேட் ஆகாத வேர்ட்பிரஸ் வழியாக உள்ளே வந்துவிடலாம். கணக்கு ஒன்று என்பதால் எல்லா ஃபோல்டர்களுக்கும் எழுதும் அனுமதியும் ஒன்றுதான். தேவையில்லாததை நகல் எடுத்துவிட்டு அழியுங்கள். தேவையானதைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள்.

அப்புறம், கிராக் செய்த தீம். ரிச்சி தெருவில் ஒரு ரேம் வாங்கினால்கூட பில் கேட்கிறோம், வாரன்ட்டி கேட்கிறோம். தீமுக்கு மட்டும் டெலிகிராமில் வந்த ஜிப் ஃபைல் போதும் என்று நினைக்கிறோம். டபிள்யூபி-விசிடி என்ற மால்வேர் பல ஆண்டுகளாகப் பரவியதே இப்படிப்பட்ட இலவசக் கிராக் தீம், பிளகின்கள் வழியாகத்தான். ஒரு தீமை நிறுவினால் அது அதே தளத்தின் மற்ற தீம்களுக்குள்ளும், கைக்கு எட்டினால் அதே சர்வரின் மற்றத் தளங்களுக்குள்ளும் தன்னை எழுதிக்கொள்ளும். கிராக் தீமை எவ்வளவு சுத்தம் செய்தாலும் நான் அதை நம்ப மாட்டேன். உரிமம் வாங்கச் சொல்வேன், முடியாவிட்டால் அதிகாரபூர்வ இலவசத் தீமுக்கு மாறச் சொல்வேன். வாடிக்கையாளருக்குக் கிராக் தீம் போட்டுக் கொடுத்து முழுக் காசு வாங்குவது தவறு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

செயலிழக்கச் செய்து அப்படியே விட்ட பிளகினும் ஒரு காரணம். அது ஓடாது என்று நினைக்கிறோம். ஆனால் ஃபைல்கள் சர்வரில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வெளியிலிருந்து நேராக அழைக்க முடிந்தால் போதும். 2020 செப்டம்பரில் டபிள்யூபி ஃபைல் மேனேஜர் பிளகினில் வெளிப்பட்ட ஓட்டை இப்படிப்பட்டது. ஏழு லட்சம் தளங்களில் இருந்த பிளகின் அது. லாகின் எதுவும் இல்லாமல் வெளியிலிருந்தே ஒரு ஃபைலை அழைத்து, தளத்துக்குள் எதை வேண்டுமானாலும் ஏற்ற முடிந்தது. 6.9 பதிப்பில் சரிசெய்தார்கள். பயன்படுத்தாத பிளகினை அழித்துவிடுங்கள், நிறுத்தி வைப்பது போதாது.

இத்தனைக்குப் பிறகும் வழி தெரியவில்லை என்றால்தான் முதலில் எடுத்துவைத்த லாக் உதவிக்கு வரும். கெட்ட ஃபைல் உருவான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லாக்கில் அந்த நேரத்துக்குப் போய், ‘போஸ்ட்’ என்று தொடங்கும் கோரிக்கைகளை மட்டும் வடிகட்டுங்கள். சாதாரணப் பார்வையாளர் படிக்கத்தான் வருவார், அவர் வரிகள் ‘கெட்’ என்றிருக்கும். நள்ளிரவு தாண்டி ஏதோ ஒரு முகவரியிலிருந்து, தொடர்புப் படிவமோ செக்கவுட்டோ இல்லாத ஒரு பிளகின் ஃபைலுக்கு ‘போஸ்ட்’ வந்து, 200 (கோரிக்கை நிறைவேறியது) என்று பதில் போயிருக்கும். அடுத்த சில நொடிகளில் அதே முகவரி அப்லோட்ஸ் ஃபோல்டரில் புதிதாக ஒரு பிஎச்பி ஃபைலைத் திறந்திருக்கும். அந்த இரண்டு வரிகள் கிடைத்துவிட்டால் வந்த வழி கிடைத்துவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஃபைலின் ‘மாற்றிய தேதி’யைப் பழைய தேதியாகக் காட்டும்படி மாற்றிவிட முடியும். மற்ற ஃபைல்களோடு தேதி ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு ஃபைலை நல்லது என்று விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: பயனர் பட்டியலில் தெரியாத அட்மின்

அழிப்பதோடு நிறுத்தாதீர்கள். பட்டியலில் தெரியாதபடி மறைந்திருக்கும் அட்மின்களும் உண்டு. டேட்டாபேஸைத் திறந்து பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மின் வழியாக அதன் யூசர்ஸ் டேபிளைத் திறந்து, அங்கே எத்தனை வரி, அட்மின் பக்கத்தில் எத்தனை பெயர் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அதோடு கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் எட்டு ரகசிய சாவி வரிகளையும் மாற்றுங்கள். அவற்றை மாற்றினால், உள்ளே இருக்கும் எல்லோரும், திருட்டுத்தனமாக இருப்பவரும் சேர்த்து, அந்த நொடியே வெளியேற்றப்படுவார்கள். 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து ‘அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்’ என்ற, வெளிச் செயலிகள் உள்ளே வருவதற்கான தனிப் பாஸ்வேர்ட் வசதி இருக்கிறது. பயனரின் பாஸ்வேர்டை மாற்றினாலும் அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பயனரின் புரொஃபைல் பக்கத்தின் அடியில் போய், நீங்கள் உருவாக்காததை ரத்து செய்ய வேண்டும்.

அட்மின் யார் யார் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். வேலையை விட்டுப் போன பையன், முந்தைய டெவலப்பர், எஸ்இஓ செய்து, அதாவது கூகுள் தேடலில் மேலே கொண்டுவந்து தருகிறேன் என்று வந்தவர் எல்லோரும் பட்டியலில் இருப்பார்கள். விலை மாற்றுகிறவருக்கும் படம் ஏற்றுகிறவருக்கும் அட்மின் உரிமை எதற்கு? ஷாப் மேனேஜர், எடிட்டர் உரிமை போதும். அட்மின்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். வாட்ஸ்அப் குரூப்பில் பாஸ்வேர்ட் அனுப்பும் வழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். அட்மின் பக்கத்திலிருந்தே தீம், பிளகின் கோடைத் திருத்தும் வசதியை கான்ஃபிக் ஃபைலில் ஒரே வரி சேர்த்து அடைத்துவிடலாம். ‘டிஸ்அலவ் ஃபைல் எடிட்’ என்ற மாறிலி அது.

அறிகுறி: செக்கவுட்டில் கார்டு எண்ணை இரண்டு முறை கேட்கிறது

வழக்கமாகப் பணம் செலுத்தும் பட்டனைத் தொட்டால், பணத்தை வாங்கித் தரும் நிறுவனமான பேமென்ட் கேட்வேயின் ஜன்னல் திறக்கும், கார்டு எண்ணை அங்கேதான் அடிப்போம். அதற்கு முன்பே உங்கள் தளத்தின் பக்கத்திலேயே கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி கேட்கும் கட்டம் வந்து, அடித்ததும் ‘பிழை, மீண்டும் முயலவும்’ என்று சொல்லி, அப்புறம் உண்மையான ஜன்னல் திறந்தால், அந்த முதல் கட்டம் திருடனுடையது. வாடிக்கையாளர் இரண்டாம் முறை அடித்துப் பணம் கட்டிவிடுவார், பொருளும் போய்ச் சேரும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கடைகள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் டேட்டாபேஸில் திருட ஒன்றும் இல்லை, அடிக்கும்போதே பிடிக்கப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வடிவம், யூபிஐ க்யூஆர் படத்தையே மாற்றிவிடுவது. தளத்தில் இருக்கும் க்யூஆரை உங்கள் போனில் ஸ்கேன் செய்து, வரும் பெயர் கடைப் பெயர்தானா என்று பார்ப்பதைக் கடை திறக்கும் வேலைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்டால் செக்கவுட்டை உடனே மூடுங்கள். கேட்வே கணக்கில் போய், தளத்தை அதோடு இணைக்கும் ரகசியக் குறியீடுகளான ஏபிஐ சாவிகளைப் புதிதாக்குங்கள். பழைய சாவி டேட்டாபேஸில் இருந்தது, எடுத்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் போன வாடிக்கையாளரை 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ அவ்வளவு வாய்ப்பு, பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்த முடியும். பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். கடை பெயர் கெடும் என்று மறைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

அறிகுறி: ஆர்டர் செய்தவர்களுக்கு மோசடிப் போன்கள் வருகின்றன

வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் வெளியே போயிருக்கின்றன. பெரிய ஊடுருவல் இல்லாமலே இது நடக்கும். பொது ஃபோல்டரில் விட்டுப்போன பேக்கப் ஜிப், ‘டபிள்யூபி-கன்டென்ட்’ ஃபோல்டரில் வளர்ந்துகொண்டே இருக்கும் டீபக் லாக் (பிழைப் பதிவு), கான்ஃபிக் ஃபைலைத் திருத்தும் முன் ‘.பேக்’ என்று பெயர் வைத்து எடுத்த நகல் ஆகிய மூன்றையும் பாருங்கள். பிஎச்பி என்று முடியாததால் அந்த நகலை சர்வர் வெறும் எழுத்தாகக் காட்டிவிடும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு. பேக்கப் அதே சர்வரில் இருக்கவே கூடாது.

அறிகுறி: தளத்திலிருந்து போகும் மெயில் எல்லாம் ஸ்பாமில் விழுகிறது

ஹோஸ்டிங்காரர்கள் ‘அளவுக்கு மீறி மெயில் போகிறது’ என்று எச்சரித்திருந்தால், உள்ளே மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்னபடி அப்லோட்ஸ், கிரான் இரண்டையும் தேடுங்கள். எச்சரிக்கை எதுவும் இல்லை என்றால், மெயில் உங்கள் பெயரில்தான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் டொமைனில் சரியாக இல்லாததுதான் காரணமாக இருக்கும். அது ஹேக் இல்லை, டொமைன் அமைப்புகளில் (டிஎன்எஸ்) செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: தளம் ஊர்கிறது, லாகின் முயற்சி குவிகிறது

பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் ரோபோக்கள் எல்லாத் தளத்தையும் தட்டிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் கடை மேல் யாருக்கும் தனிப் பகை இல்லை. லாக்கில், வெளிச் செயலிகள் தளத்தோடு பேசுவதற்கான ‘எக்ஸ்எம்எல்-ஆர்பிசி’ ஃபைலுக்கு ‘போஸ்ட்’ குவிந்திருந்தால், அதைப் பயன்படுத்தும் பிளகின் எதுவும் இல்லையென்றால் சர்வர் மட்டத்திலேயே அடைத்துவிடுங்கள். லாகின் முயற்சிக்கு வரம்பு வையுங்கள். லாகின் பக்க முகவரியை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தியடைவது போதாது. சத்தம் குறையும், ஆனால் பாஸ்வேர்ட் பலவீனமாக இருந்தால் பலவீனம் அப்படியேதான் இருக்கும்.

அறிகுறி: அப்டேட் போட்டதும் வெள்ளைத் திரை

இதை ஏன் பாதுகாப்பு விஷயத்தில் சேர்க்கிறேன் என்றால், ஒருமுறை இப்படி ஆன கடைக்காரர் அதற்கப்புறம் அப்டேட் பட்டனைத் தொடவே மாட்டார். மேலே சொன்ன பாதிக் கோளாறு அந்தப் பயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் ஒரு மீட்பு வசதி இருக்கிறது. பிளகினால் தளம் விழுந்தால் அட்மின் மெயிலுக்கு ஒரு இணைப்பு வரும். அதைத் தொட்டு உள்ளே போய் அந்தப் பிளகினை மட்டும் நிறுத்தலாம். பலருக்கு அந்த மெயில் வருவதில்லை, காரணம் அட்மின் மெயில் இன்னும் முந்தைய டெவலப்பருடையது. இப்போதே செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். மெயில் கிடைக்காவிட்டால் ஃபைல் மேனேஜரில் அந்தப் பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், தளம் எழுந்துவிடும். 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பிலிருந்து, தானியங்கி அப்டேட்டில் ஒரு பிளகின் தளத்தை விழவைத்தால் வேர்ட்பிரஸே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுகிறது.

பிஎச்பி பதிப்பையும் பாருங்கள். பழைய பிளகின் ஓட வேண்டுமே என்று 7.4-இல் நிற்கும் தளங்கள் இன்னும் உண்டு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு முடிந்துவிட்டன. ஸ்டேஜிங் நகலில் (சோதனைக்கான தனி நகலில்) புதிய பிஎச்பியை ஓட்டி, முறியும் பிளகினுக்கு மாற்று தேடுங்கள்.

தள்ளிப்போடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2014 அக்டோபர் 15 அன்று துருபல் ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டதாகவே கருதுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே பிறகு சொன்னது. திருத்தம் வெளியானால் ஓட்டை எங்கே என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க முடியாது. சிறிய பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக ஓட விடுங்கள். பெரிய பதிப்பு மாற்றத்தை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் செய்யுங்கள்.

அறிகுறி: குரோமில் சிவப்புத் திரை

‘ஆபத்தான தளம்’ என்ற சிவப்புப் பக்கம் வந்துவிட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது, “இதை எப்ப எடுப்பாங்க?” என்பதுதான். சர்ச் கன்சோலில் ‘பாதுகாப்புச் சிக்கல்கள்’ பகுதியில் எந்தப் பக்கங்களில் என்ன கண்டார்கள் என்று மாதிரி கொடுத்திருப்பார்கள். அந்த மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே மறுபரிசீலனை கேளுங்கள். கோரிக்கையில் என்ன கண்டீர்கள், எந்த ஃபைலை நீக்கினீர்கள், வந்த வழியை எப்படி அடைத்தீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். மால்வேர் என்றால் சில நாட்களில் பதில் வரும், தேடல் ஸ்பாம் என்றால் வாரக்கணக்கில் ஆகலாம்.

அவசரப்பட்டுப் பாதிச் சுத்தத்தோடு கேட்கச் சொல்லிக் கடைக்காரர் நெருக்குவார், விட்டுக்கொடுக்காதீர்கள். சுத்தமாவதும் மறுபடி கெடுவதுமாக இருக்கும் தளத்தைக் கூகுள் தொடர் மீறல் தளம் என்று குறித்துவிடும். அதற்குப் பிறகு 30 நாட்களுக்கு மறுபரிசீலனை கேட்கவே முடியாது. ஆடி மாதம் முதல் வாரத்தில் அப்படி மாட்டிக்கொண்டால் சிவப்புத் திரை விலகும்போது ஆவணி பிறந்துவிடும்.